எங்கிருந்து, என்றைக்கு, யார்

என் மேசை இழுப்பறையில் ஒரு குக்கர் வெயிட் கிடக்கிறது. அதற்குரிய குக்கர் என்னிடம் இல்லை. அது எங்கே போனதென்றும் தெரியாது. நிறம் மங்கிக் கறுத்துப்போன, கட்டைவிரல் பருமனுள்ள உலோகக் கட்டி அது. பார்வைக்குச் சிறியது, கையில் எடுத்தால் கனம் தெரியும். பேனா தேடும்போதும் கண்ணாடிக் கூடு தேடும்போதும் உருண்டு வந்து விரலில் இடிக்கும். ஒருமுறை என் தம்பி மகள் அதை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, குக்கரே இல்லாம வெயிட்ட எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். ஞாபகத்துக்கு என்றேன். யார் ஞாபகத்துக்கு என்றாள். லேப் அக்கா என்றேன். அதற்குமேல் வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம், பினாங்குப் பாலம் வருவதற்கு முந்திய காலம். ஜார்ஜ்டவுனில் ஒரு பெண்கள் இடைநிலைப் பள்ளியில் எனக்கு உயிரியல் ஆசிரியை வேலை கிடைத்தது. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க அலுவலகங்களில் எழுதிக்கொண்டிருந்த குடும்பம். நான் முதல் பட்டதாரிப் பெண். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. படித்தவர்கள் சொல்வதைப் படிக்காதவர்கள் செய்வதுதான் உலக நடைமுறை என்று நினைத்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கடலுக்கு அக்கரையில், பெருநிலத்திலுள்ள பத்து காவான் தோட்டத்தில் பிறந்து, பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் வரை படித்து, இந்த வேலைக்கு வந்தவர். மாணவிகள் அவரை லேப் அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அக்கா என்று நான் சொன்னதில் மரியாதையைவிடப் பழக்கம்தான் அதிகம்.

லேப் அக்காவின் வீடு டத்தோ கிராமாட்டில், பள்ளியிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இருந்தது. அவருடைய கணவர் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது முதுகில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்தவர். பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு நாளும் ஓய்வு மணி அடித்ததும் அக்கா வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேகமாக நடந்து வீட்டுக்குப் போவார். கணவரைப் புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சியோ சோறோ ஊட்டிவிட்டு, நாற்பது நிமிடத்தில் திரும்பி வருவார். பள்ளி நேரத்தில் ஊழியர்கள் வெளியே போகக்கூடாது என்பது விதி. சீனப் பெண்மணியான எங்கள் தலைமையாசிரியைக்கு விஷயம் தெரியும், ஆனால் யாரும் எழுதித் தராதவரை தெரியாததுபோல இருந்துவிடுவார். அந்த நாற்பது நிமிடத்தை நம்பித்தான் ஒரு மனிதர் அந்த வீட்டில் கிடந்தார். இது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் கிருமி நீக்கும் கருவி கிடையாது. கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராத நிலையில், அக்கா தன் கல்யாணத்துக்கு வந்த பிரஷர் குக்கரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அதன் வயிற்றைச் சுற்றிச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பட்டை அடித்திருந்தார். பட்டை போட்ட பாத்திரத்தில் இனி யாரும் சமைக்கக்கூடாது என்பதற்காக. கண்ணாடித் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி உள்ளே அடுக்குவார். வெயிட் ஆடத் தொடங்கிய பிறகே கடிகாரத்தைப் பார்ப்பார். புதுத் தட்டுக்குக் கால் மணி நேரம், கிருமி வளர்ந்த தட்டுக்கு அரை மணி நேரம். ஒரு நிமிடம் முன்னதாக இறக்கச் சொன்னால் காது கேட்காதவர்போல் நிற்பார். தட்டில் ஊற்றுவது ஜெல்லி செய்யக் கடையில் விற்கும் அகார் அகார்தான். அதை அக்கா கோழிச் சாற்றில் காய்ச்சுவார். புத்தகத்தில் மாட்டிறைச்சிச் சாறு என்று இருக்கிறதே என்று நான் சுட்டிக்காட்டியபோது, "புஸ்தகம் எழுதினவரு வந்து காய்ச்சட்டும் டீச்சர்," என்றார். கோழிச் சாற்றிலும் கிருமி நன்றாகவே வளர்ந்தது.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எந்தத் தட்டானாலும், எந்தக் குழாயானாலும், கண்ணாடியில் எழுதும் மெழுகுப் பென்சிலால் மூன்று வரி எழுதாமல் அலமாரியில் வைக்கமாட்டார். எங்கிருந்து, என்றைக்கு, யார். எங்கிருந்து எடுத்தது, என்றைக்கு எடுத்தது, யார் எடுத்தது. மூடியில் எழுதக்கூடாது, அடித்தட்டில்தான் எழுத வேண்டும். மூடி மாறிப் போகும், அடித்தட்டு மாறாது. எழுதாத தட்டைக் கண்டால் யாருடையது என்று கேட்கவும் மாட்டார், நேராகக் குக்கருக்குப் போய்விடும். இந்தக் கண்டிப்பை நான் மற்ற ஆசிரியைகளிடம் கேலி செய்ததுண்டு. வீட்டில் உப்பு ஜாடியிலும் எழுதி வைத்திருப்பார் என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த வருடம் மாநில அளவில் அறிவியல் கண்காட்சி நடந்தது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பான எங்கள் ஆறாம் படிவத்தில் ஒரு கெட்டிக்கார மாணவி இருந்தாள். பெருநிலத்து மாக் மண்டினில் வீடு, தினமும் பெர்ரியில் கடலைக் கடந்து வந்து போவாள். பூண்டு, மஞ்சள், வெற்றிலை ஆகிய மூன்றில் எது பாக்டீரியாவை அதிகமாகத் தடுக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. தட்டு முழுக்கப் பாக்டீரியாவைப் பரப்பி, நடுவில் சாறு தோய்த்த காகித வட்டத்தை வைப்பது. சாறு வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றிக் கிருமி முளைக்காத ஒரு வெற்று வளையம் தெரியும். வளையத்தை அளந்தால் முடிவு கிடைத்துவிடும். இதில் ஒரே கேள்வி, பாக்டீரியாவுக்கு எங்கே போவது என்பதுதான். முதலில் தயிரிலிருந்து எடுத்துப் பார்த்தோம். அது எங்கள் தட்டில் சரியாகப் பிடிக்கவில்லை. ஈர்க்குச்சியால் கிழித்த கோடுபோல் அங்கங்கே மங்கலாகத் தெரிந்தது, வளையம் தெரியவில்லை.

"லாலாங் புல்லு இருக்கு லா டீச்சர்," என்றார் லேப் அக்கா. பள்ளித் திடலின் பின்பக்கம் மண்டிக்கிடந்த லாலாங்கை அறுத்துக் காயவைத்து, தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் மற்றதெல்லாம் செத்துப்போகும், கொதியையும் தாங்குகிற ஒரு வகை மட்டும் மிஞ்சும். இரண்டு நாள் வைத்தால் தண்ணீரின்மேல் ஆடை கட்டும். அந்த ஆடையில் இருப்பது தட்டில் நன்றாகப் பரவும், சாதாரணமாக மனிதருக்கு நோய் தராது. அதுவும் முழுக்க நம்பக்கூடியதில்லை, தட்டை டேப் ஒட்டி மூடிவிட்டால் பிறகு திறக்கக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். பாடநூல்களிலும் உள்ள வழிதான் அது. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. மாநிலக் கண்காட்சிக்குப் புல் வேகவைத்த தண்ணீரைக் கொண்டுபோவதா என்று தோன்றியது. நிஜமான கிருமி வேண்டும், புண்ணில் சீழ் பிடிக்கச் செய்கிற கிருமி, அதை எங்கள் மாணவியின் மஞ்சள் தடுத்தது என்று அட்டையில் பெரிதாக எழுத வேண்டும். நடுவர்கள் நின்று பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அவளுக்குப் பின்னால் நிற்கும் என்னையும் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காரியமானாலும் விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன்பு, அந்த அலுவலகத்தில் நமக்கு யார் இருக்கிறார் என்று யோசிப்போம். அநேகமாக யாராவது இருப்பார்கள். எனக்கு ஒரு மாமா ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், அந்தச் சீழ்க் கிருமி கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன். மாமா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "ஒரு குழாய் தாறன். ஆருக்கும் சொல்லாதை, என்ன?" என்றார். மறுநாள் மாலை பஞ்சு அடைத்த சிறு குழாய் ஒன்று மைலோ டின்னுக்குள் வைக்கப்பட்டு என் கைக்கு வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் குழந்தை டின்னைத் தட்டித் தட்டி விளையாடியது. நானும் சிரித்தேன். உயிரியல் பட்டம் வாங்கியவள் நான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் டின்னைத் திறந்தபோது லேப் அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குழாயில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரோட புண்ணுலேர்ந்து வந்துச்சு டீச்சர்?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால் வந்த கோபம் என்று இப்போது தெரிகிறது. அன்று அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டேன். உங்களுக்குப் பயமாக இருந்தால் தொட வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்றேன். அவர் தொடவில்லை. ஆனால் போகவும் இல்லை. நானும் மாணவியும் தட்டுகளில் பரப்பி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, ஒவ்வொரு தட்டையும் சுற்றி டேப் ஒட்டச் செய்தார், எண் போடச் செய்தார். முப்பது தட்டுகள். 'எங்கிருந்து' என்ற வரியை நான் காலியாக விடச் சொன்னேன். மாணவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காலியாகவே விட்டாள். 'யார்' என்ற வரியில் தன் பெயரை மட்டும் எழுதினாள். வெப்பத்துக்கு, பல்பு எரியும் மரப்பெட்டி ஒன்று வைத்திருந்தேன். அதில் வைக்க வேண்டாம், வெளியிலேயே வளரட்டும் என்றார் அக்கா. "நம்ம ஒடம்புச் சூட்டுல வளர்றது நம்ம ஒடம்புலயும் வளரும் டீச்சர்." நான் பெட்டியில்தான் வைத்தேன்.

அப்போதும் ஒரு சங்கடம் இருந்தது. மின்கட்டணத்துக்குப் பயந்து தலைமையாசிரியை வெள்ளிக்கிழமை மாலை மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லியிருந்தார். முதல் வார இறுதியில் பல்பு அணைந்து, திங்கட்கிழமை பார்த்தபோது வளர்ச்சி மந்தமாக இருந்தது. இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குத்தான் முளைக்கும் என்று மாணவி காதில் விழும்படி சலித்துக்கொண்டேன். நான் சொன்னது அவ்வளவுதான். கண்காட்சிக்குப் பதினாறு நாள் இருந்தது.

அடுத்த வார இறுதி போய், திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் மாடி வகுப்பில் இருந்தபடி குக்கர் சத்தத்தைக் கேட்டேன். அந்த நேரத்தில் அக்கா வீட்டில் இருக்க வேண்டும். ஆணியில் கோட்டு தொங்க வேண்டும். ஏதோ தோன்றிக் கீழே இறங்கிப் போனேன். ஆய்வுக்கூடம் முழுக்க அடிப்பிடித்த சூப் வாடை. மரப்பெட்டி திறந்து காலியாக இருந்தது. மாணவி சுவரோரம் முகம் வீங்கி நின்றாள். அக்கா குக்கரின் முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"பழைய தட்டுன்னு நெனச்சிப் போட்டுட்டேன் டீச்சர்."

"முப்பதையுமா? குழாய் எங்கே?"

"அதுவும் உள்ளதான் இருக்கு." கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் பன்னெண்டு நிமிசம் இருக்கு. இப்பத் தொறக்க முடியாது."

மூன்று வரி எழுதாமல் ஒரு தட்டையும் வைக்காத ஒருவர், எண் போட்ட முப்பது தட்டுகளைப் பழையது என்று தவறாக நினைத்தார் என்பதை நம்பும் அளவுக்கு நான் முட்டாளில்லை. வேண்டுமென்றே செய்தார் என்று புரிந்தது. ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. அவர் சொன்னதை நான் கேட்காததற்குப் பழி தீர்க்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மாணவி ஏன் அழுதிருக்கிறாள் என்றும் கேட்கவில்லை. தன் ஆய்வு போனதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

அன்று மாலையே தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். ஒரு பக்கம்தான். எந்த ஆய்வுக்கூடத்தில், எந்த நாளில், யார் என்ன செய்தார் என்று சுத்தமாக எழுதினேன். குழாய் எங்கிருந்து வந்தது என்பதையும், அதைக் கொண்டுவந்தது நான் என்பதையும் எழுதவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: இவர் தினமும் பள்ளி நேரத்தில் அனுமதியின்றி வீட்டுக்குப் போய் வருகிறார். அந்த வரிக்கும் தட்டுகளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கடிதம் ஒரு பக்கத்தை நிரப்பவில்லை, அதனால் சேர்த்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எது வலிக்கும் என்று தெரிந்தே எழுதினேன்.

ஆய்வு நின்றுவிடவில்லை. மறுநாளே மாணவியும் லேப் அக்காவும் திடலில் லாலாங் அறுத்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். ஆய்வுக்கூடத்தின் கூரைத் தகட்டில் புல் காய்ந்தது. கொதிக்க வைத்த தண்ணீரில் அக்கா சொன்னதுபோலவே ஆடை கட்டியது. முப்பது தட்டுகள், எல்லாவற்றின் அடியிலும் மூன்று வரி. பல்பு பெட்டி வேண்டியிருக்கவில்லை, பினாங்கு வெயிலே போதுமானதாக இருந்தது. பூண்டுச் சாற்றைச் சுற்றி அகலமான வளையம் விழுந்தது, வெற்றிலைக்கு அதைவிடச் சிறியது. நான் நம்பியிருந்த மஞ்சள் கடைசியாக வந்தது. நான் தள்ளி நின்றேன். அக்காவுடன் பேச்சை நிறுத்தியிருந்தேன். அவர் எப்போதும்போல, "டீச்சர், தட்டெல்லாம் ரெடி," என்று சொல்லிவிட்டுப் போவார்.

கண்காட்சியில் மூன்று நடுவர்கள் எங்கள் மேசைக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவரான ஒரு மலாய்க்காரப் பேராசிரியர் வளையங்களைப் பார்க்கவில்லை, அட்டையைப் படிக்கவில்லை. ஒரு தட்டைத் தூக்கிக் கவிழ்த்து அடியில் பார்த்தார். பிறகு மாணவியிடம், "இந்தப் பாக்டீரியா எங்கிருந்து?" என்று மலாயில் கேட்டார். பள்ளிக்குப் பின்னால் உள்ள புல்லிலிருந்து, அரை மணி நேரம் கொதிக்க வைத்து எடுத்தது என்று அவள் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, முடிந்ததும் தட்டுகளை என்ன செய்வாய் என்று கேட்டார். குக்கரில் அரை மணி நேரம் என்றாள். அதற்குப் பிறகுதான் வளையங்களைப் பார்த்தார். அந்த முதல் கேள்விக்கு வேறு பதில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். மாமாவின் வேலை போயிருக்கும். என் வேலையும் நிரந்தரமாகியிருக்காது. அவளுடைய பெயர் அடிபட்டிருக்கும். மூன்றாம் பரிசு கிடைத்தது. தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள்.

கடிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்க எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. தலைமையாசிரியை அதைக் கல்வி இலாகாவுக்கு அனுப்பியது கண்காட்சிக்கு அடுத்த வாரத்தில்தான். தினமும் அவர் அறையைக் கடந்து போனேன். திரும்பக் கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும், சொன்னால் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். எனவே கேட்கவில்லை. அடுத்த மாதமே அக்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பெர்ரியும் அதற்குப் பிறகு இரண்டு பேருந்தும் பிடித்துப் போக வேண்டிய பெருநிலத்துப் பள்ளி.

கடைசி நாள் லேப் அக்கா ஆசிரியர் அறைக்கு வந்து என் மேசையின்மேல் குக்கர் வெயிட்டை வைத்தார். "குக்கர் லேப்புலயே இருக்கட்டும் டீச்சர். இத நீங்க வச்சிக்குங்க," என்றார். குக்கரில் வெயிட் இல்லாவிட்டால் அடுத்து வருபவரால் ஒன்றும் செய்ய முடியாது, அந்த எரிச்சலில் கொடுக்கிறார் என்று நினைத்தேன். இழுப்பறையில் போட்டு மூடினேன்.

பதினைந்து வருடங்களுக்குப் பிறகு ஒரு கல்யாண விருந்தில் அந்த மாணவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாக் மண்டினில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரம், லேப் அக்காவைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் டீச்சர்," என்று ஆரம்பித்தாள்.

தட்டுகளைக் குக்கரில் போட்டதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பல்பு அணையப்போகிறதே என்று பயந்து, ஆறு தட்டுகளைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். எங்கே வைத்தால் சூடு நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அம்மா தயிர் உறைய வைக்கிற இடம், தோசைமாவு பொங்க வைக்கிற இடம், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் துண்டைச் சுற்றி வைப்பது. நம் வீட்டு அடுப்படியில் வளர்ந்த எந்தப் பெண்ணும் அங்கேதான் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய இரண்டு வயதுத் தம்பி துண்டை இழுத்திருக்கிறான். ஒரு தட்டின் மூடி விரிசல் விட்டு, டேப் பிரிந்து திறந்துகொண்டது. அகார் அகாரைக் கண்டதும் ஜெல்லி என்று நினைத்து விரலை விட்டிருக்கிறான். அம்மா கையைக் கழுவிவிட்டு அத்தோடு மறந்துவிட்டார். திங்கட்கிழமை தட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தபோது லேப் அக்கா ஒரு மூடியில் விரிசலையும் வேறு நிற டேப்பையும் கண்டுபிடித்துவிட்டார். இரண்டே கேள்விதான் கேட்டாராம். அடுத்த நிமிடம் குக்கரை அடுப்பில் ஏற்றினார்.

"டீச்சர்கிட்ட சொல்லாத, சொன்னா உன்னைய போட்டியிலேர்ந்து எடுத்துருவாங்க, டீச்சருக்கும் பிரச்சனை வரும்னு சொன்னாங்க. அன்னிக்கு ஸ்கூல் முடிஞ்சதும் என்கூடவே பெர்ரியில வந்தாங்க. எங்க வீட்டு அடுப்படிய அவங்களே பிளீச் போட்டுத் தேச்சிக் கழுவினாங்க. துண்டையெல்லாம் கொதிக்க வச்சாங்க. தம்பிய கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனாங்க. வீட்டுக்குத் திரும்பறப்ப ராத்திரி ஆயிருச்சி."

தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அடுத்த வாரம் தாடையில் ஒரு கட்டி வந்து, மருந்தில் ஆறிவிட்டதாம். அந்தக் கிருமியால் வந்ததா, வேறு எதனாலாவதா என்று யாருக்கும் தெரியாது. அது யாருடைய புண்ணிலிருந்து வந்தது என்பதும் இன்றுவரை தெரியாது. அந்தத் திங்கட்கிழமை மதியம் கஞ்சி ஊட்ட அக்கா வீட்டுக்குப் போகவில்லை. மாலையிலும் போகவில்லை. அன்று முழுக்க அந்த மனிதர் தனியாகக் கிடந்திருக்கிறார். அதே மாலையில்தான் நான் தட்டச்சு இயந்திரத்தின்முன் உட்கார்ந்திருந்தேன்.

லேப் அக்கா அதற்குள் வேலையை விட்டுவிட்டுப் பத்து காவான் பக்கம் தன் அண்ணன் வீட்டில் இருந்தார். விலாசம் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன். வெயிட்டை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் எடுத்துப் போனேன். அவருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அந்தப் பழக்கம் போகவில்லை. நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தைகளைச் சொன்னேன், கடிதத்தைப் பற்றியும், அந்தக் கடைசி வரியைப் பற்றியும். முடித்ததும் அவர், "தெரியும் டீச்சர். பெரிய டீச்சர் மறுநாளே என்கிட்ட படிச்சிக் காட்டினாங்க," என்றார்.

தெரிந்தேதான் அவர் தினமும், தட்டெல்லாம் ரெடி என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். கணவரைப் பற்றிக் கேட்டேன். தான் மாற்றலாகி ஒரு வருடத்தில் அவர் இறந்துபோனார் என்றார். "மத்தியானத்துல தனியாத்தான் இருந்தாரு. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பாப்பாங்க. முதுகுல புண்ணு வந்திருச்சி, அதுல சீழ் வச்சிருச்சி." அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. நடந்ததைச் சொல்லும் குரல்தான் அது. நான் மடியிலிருந்த கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவர் எதிரில் அழ எனக்கு உரிமையில்லை என்றும் தோன்றியது.

வெயிட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக் கையில் வைத்துக் கனத்தைப் பார்த்தார். "எனக்கப்புறம் வந்தவங்க இத யாராச்சும் கேட்டாங்களா?" என்று கேட்டார். யாரும் கேட்கவில்லை, அதன் பிறகு அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் பாக்டீரியா வளர்க்கவில்லை என்றேன். "அதுக்குத்தான் கொடுத்தேன் டீச்சர். வளக்கணும்னா உங்ககிட்ட வந்து கேக்கணும். நீங்க ஒருவாட்டி பட்டவங்க, எங்கேருந்து எடுத்தேன்னு கேப்பீங்க." அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். தேநீர் கொண்டுவர எழுந்து உள்ளே போனார்.

அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இப்போது பத்து காவானுக்கு இரண்டாவது பாலத்தில் காரில் போய்விடலாம். அவருடைய அண்ணன் வீடிருந்த தோட்டக் குடியிருப்பு இருந்த இடத்தில் தொழிற்சாலை மதில் நீளமாகப் போகிறது. தம்பி மகள் கேட்டுப் போன அன்று வெயிட்டை இழுப்பறையிலிருந்து எடுத்துத் துடைத்தேன். அதன் அடியில் சிறு வெள்ளை டேப்பை ஒட்டி, மூன்று வரி எழுதினேன். எங்கிருந்து என்பதற்கு லேப் அக்காவின் கல்யாணக் குக்கர் என்று எழுதினேன். என்றைக்கு என்பதற்கு அவர் மாற்றலாகிப் போன நாள். யார் என்ற மூன்றாவது வரியில் அவர் பெயரை எழுதத்தான் பேனாவை வைத்தேன். பிறகு, குழாயைக் கொண்டுவந்தவள் என்று அந்தத் தட்டுகளிலும் கடிதத்திலும் அன்று எழுதாமல் விட்ட என் பெயரை எழுதி, இழுப்பறையில் வைத்து மூடினேன்.